மாடி ரூம் பாடகர்

ராஜகீழ்ப்பாக்கம் சர்ச்சில் ஜாய்சனுக்கும் ஈவ்லினுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று ஆயர் கேட்டார்.

வெளியே டீக்கடையில் நண்பன் கதிரேசன் காத்திருந்தான்.

"இன்னா மச்சான், எவனும் எந்திரிக்கலையா?"

"வாயை மூடு."

"அது சரி, ஆஷாவை நெனச்சிப் பாடினியே, அந்தப் பாட்டெல்லாம் இன்னும் நெட்ல கீதா? பொண்ணு வூட்ல கேட்டாங்கன்னா பேஜாராய்டும்."



ஆஷா ஜாய்சனை விட்டுப் போன வருடம், மாடி அறையில் ஒன்பது பாட்டுகளைத் தனியாகப் பதிவு செய்திருந்தான். கிடார் உண்டு. டிரம்ஸுக்குக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி. கீழே அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முணுமுணுப்பாகவே பாடினான். சொந்தப் பெயரும் போடவில்லை, முகமும் காட்டவில்லை. 'மாடி ரூம்' என்ற பெயரில் வெளியிட்ட அந்த 'மெதுவா பேசு' ஆல்பத்துக்கு எங்கிருந்தோ ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

ஓலை வாசித்த அன்று மாலையே ஆல்பத்தை நீக்கிவிட்டான். உடனே மெசேஜ்கள் குவிந்தன. 'ப்ரோ, எங்கே போனீங்க?' 'என் ராத்திரியெல்லாம் இதில்தான் இருக்கு, திருப்பிக் கொடுங்க.'

சனிக்கிழமை ஈவ்லின் அவனை ஜங்ஷன் ஜூஸ் கடைக்கு வரச் சொன்னாள். அவளுக்குக் கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை. பெண் பார்த்த பிறகு இருவரும் தனியாகச் சந்திப்பது இதுதான் முதல் தடவை.

"ஒரு ஹெல்ப் வேணும். நான் தினமும் ஆபீஸ் பஸ்ல கேக்குற ஆல்பம் ஒண்ணு திடீர்னு காணாமப் போச்சு. 'மெதுவா பேசு'ன்னு பேரு. எங்கேயாவது தேடித் தர முடியுமா?"

ஜாய்சன் சாத்துக்குடி ஜூஸை மேசையில் வைத்தான்.

"அதுல என்ன விசேஷம்? ரெக்கார்டிங்கே மட்டமா இருக்குமே."

"மட்டம்தான். மூணாவது பாட்டு நடுவுல குக்கர் விசில் அடிக்கும். அவர் நிறுத்த மாட்டாரு. லேசா சிரிச்சுட்டு அப்படியே பாடுவாரு. ஆபீஸ்ல நாங்க நாலு பேர் அந்தச் சிரிப்புக்கு அடிமை."

அவள் குரல் இறங்கியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா சொல்ல வேணாம்னாங்க. போன வருஷம் எனக்கு நிச்சயமாகி நின்னு போச்சு. அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் அட்வைஸ் பண்ணாங்க. இந்தப் பாட்டு பாடின ஆள் மட்டும்தான் எதுவும் சொல்லல. பக்கத்துல உக்காந்து அவர் பாட்டுக்கு அழுதாரு. அது போதும்னு இருந்துச்சு."

அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இனி அவன் முறை. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ? சொல்லாமல் இவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

மேசையைப் பார்த்தபடி மெல்ல முணுமுணுத்தான்.

"நீ எறங்கிப்போன ஸ்டாப்புல பஸ்ஸு இன்னும் நிக்குது…"

ஈவ்லினின் கையிலிருந்த ஸ்ட்ரா அப்படியே நின்றது.

"நீங்களா?"

"நான்தான். எல்லாம் வேற ஒரு பொண்ணுக்கு எழுதினது. நீங்க கேட்டா என்ன ஆகுமோன்னு பயந்து எடுத்துட்டேன்."

"ஒன்பது பாட்டும் அவளுக்கா?"

"எட்டு. கடைசிப் பாட்டு என் பைக்குக்கு. வித்துட்டேன்."

"பைக்குக்கா! அதுக்குத்தாங்க நான் அதிகமா அழுதேன்!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் நேராகப் பார்த்தாள்.

"அவங்களை இன்னும் நினைக்கிறீங்களா?"

ஜாய்சன் யோசித்துச் சொன்னான். "முன்னாடி குடியிருந்த தெரு வழியா போனா எட்டிப் பாப்போம்ல, அப்படித்தான். திரும்பக் குடி போகணும்னு தோணாது."

அவள் ஜூஸைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எனக்கும் அப்படித்தான்" என்றாள். "ஆனா நீங்க பண்ணது தப்பு."

"எது? உங்ககிட்ட சொல்லாம இருந்ததா?"

"எடுத்தது! ஆபீஸ்ல ஒரு வாரமா நாங்க துக்கம் கொண்டாடறோம். மொதல்ல திருப்பிப் போடுங்க, சாரே."

அங்கேயே போனில் ஆல்பத்தைத் திரும்பப் போட்டான். அவள் இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு தரக் கூடாதா?"

"ம்ஹூம். தனியா கேட்டுத்தான் பழக்கம். கொஞ்ச நேரம் பேசாதீங்க, நான் அவரோட இருக்கேன்."

கண்களை மூடினாள். இடது கை மட்டும் மேசைமேல் நகர்ந்து வந்து ஜாய்சனின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அந்த மாடி ரூம்காரன்மீது அவனுக்கு லேசாகப் பொறாமை வந்தது.

"வேற எதுனா வேணுமா சார்?" என்று கடைக்காரர் வந்து நின்றார்.

ஜாய்சன் மற்றொரு கையால், அப்புறம் என்று சைகை காட்டினான்.