திறந்த ஒரே பாடம்

சூலியா தெருவில் நூர் முகம்மதுவின் இன்டர்நெட் கடையில், அக்னஸ் திரையைப் பார்த்து ஜெர்மன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் ஊழியர்களுக்கான பாடம். அந்த மெதுவான லைனில் ஒரு பாடம் மட்டுமே முழுதாகத் திறந்தது: விருந்தினர் புகார்கள். அதையே அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அக்கா, பக்கத்து சீட்டு ஜெர்மன்காரன் சிரிக்கிறான். வந்ததுலேர்ந்து யார்கிட்டயோ மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கீங்களாம். என்னாக்கா தப்பு பண்ணீங்க?" என்றான் நூர் முகம்மது.

"விருந்தாளி ரூம்ல ஏர்கோன் கெட்டுப்போச்சு தம்பி. நான் என்னா பண்றது?"

அக்னஸ் வேலை பார்த்த பத்து பெரிங்கி கடற்கரை ஹோட்டலுக்கு டிசம்பரில் ஜெர்மன்காரர்கள் வருவார்கள். அவர்களோடு பேசத் தெரிந்த ஒருத்திக்குத்தான் முன் கவுன்டர், மற்றவள் ஜன்னலில்லாத டெலிபோன் அறைக்குத் திரும்ப வேண்டும் என்று மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜா சொல்லிவிட்டார். அக்னஸ் அந்த அறையில் வருடக்கணக்கில் இருந்தவள். இப்போது கவுன்டருக்கு அவளும் உடன் வேலை செய்யும் தவமணியும் போட்டி. தவமணி ஆசிரியை ஒருவரிடம் வகுப்புக்குப் போனாள்.

"மெஷின்கிட்டயா பாஷை படிக்கிற? தப்பா பேசினா திருத்துமா அது?" என்றாள் தவமணி.

"திருத்தாதுலா. மூஞ்சியும் சுளிக்காது."

பள்ளியில் ஆங்கிலம் வாசிக்க எழுந்து நின்ற நாள்களை அக்னஸ் மறக்கவில்லை. இங்கே எத்தனை முறை அழுத்தினாலும் அதே குரல், அதே பொறுமை. வீட்டுக்குப் போகும் ஃபெரியில் அந்தக் குரலைப் போலவே பேசிப் பார்ப்பாள். சுகமாக இருக்கும்.

ஜெர்மன்காரர்களின் முதல் பஸ் வந்த அன்று தவமணியின் முன்னால் கூட்டம். வாழ்த்தினாள், சிரிக்க வைத்தாள். அக்னஸிடம் ஒரு வயதான பெண்மணி தனியாக வந்தாள். சாவியை வாங்கினாள், எண்ணைப் பார்த்தாள், மெல்ல மேசையில் வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். அக்னஸுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: அறை, கணவர். அவளுடைய பாடத்தில் கொசுக்கடியில் தூங்க முடியாத ஒரு கணவர் வருவார். இந்தக் கணவரைக் காணோம். பெண்மணியின் ஒரே விரலில் இரண்டு மோதிரங்கள் இருந்தன. ஒன்று ஆண்களுக்கான அளவு.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். அக்னஸ் ஜெர்மன் பாடத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"மிகவும் வருந்துகிறேன். உங்களுக்கு வேறு அறை தரட்டுமா?"

பெண்மணி அவளையே பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"என்னா கம்ப்ளெய்ன்ட்?" என்றார் மேனேஜர் தாழ்ந்த குரலில்.

"கம்ப்ளெய்ன்ட் இல்ல சார். புருஷனோட தங்கின ரூம் போல. அவரு இப்ப இல்ல."

மேனேஜர் சுவர்ப் பலகையிலிருந்து வேறொரு சாவியைத் தாமே எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையிலயும் நீ இங்கயே நில்லு. அப்புறம் பாப்போம்."

பெண்மணி சாவியைப் பைக்குள் போட்டாள். மாடிக்குப் போகவில்லை. வாசலில் குனிந்து காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் இறங்கி நடந்தாள். அவளுடைய பெட்டி அக்னஸின் முன்னால் நின்றது.