சோலைமலை சொல்லியனுப்பாத சேதி

சாணார்பட்டிப் பக்கம் சோலைமலை என்று கேட்டால் யோசிப்பார்கள். கோழிக்காரர் என்றால்தான் கை காட்டுவார்கள். எண்பது தாண்டிய வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் வாசலில் பந்தல் போட்டுப் படத்தைத் திறந்துவைத்தார்கள்.

முதலில் பேசியவர் பெரியகருப்பன். சோலைமலையின் மனைவி சிவனம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி.

"மாமா மொதல்ல தக்காளியும் மொச்சையும் போட்டவரு. கெணறு வத்திப் போச்சு. நத்தம் ரோட்டுல ஒரு பண்ணைக்குக் கோழி அள்ளி லாரியில ஏத்துற வேலைக்குப் போனாரு. நாப்பது வயசுக்கு மேல கோழி அள்ளப் போறான் பாருன்னு ஊரே சிரிச்சுச்சு. அங்க வேலையக் கத்துக்கிட்டு வந்து சொந்த நெலத்துல ஷெட்டுப் போட்டாரு. லாரி கிளீனரா அலைஞ்ச என்னையக் கூட்டியாந்து தொழில் சொல்லிக் குடுத்தாரு. இன்னைக்கு எனக்கும் ஷெட்டு இருக்குன்னா..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கம் இருந்த சிவனம்மாளுக்கும் கண் கலங்கியது. தம்பி சொன்னதில் பொய்யில்லை. வளர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கோழிக் கம்பெனி வண்டி குஞ்சு இறக்கிவிட்டுப் போனால் முதல் வாரம் முழுக்க சோலைமலைக்கு ஷெட்டில்தான் படுக்கை. கூதல் அடித்தால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் சாக்குப் படுதாவை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருப்பார். மகள் நாகஜோதியின் கழுத்தில் தாலி ஏறிய கையோடு கோழிக்குத் தண்ணீர் வைக்க ஓடிய மனிதர்.

கடைசி ஆறேழு வருடம்தான் சரியில்லை. குஞ்சு வண்டி வருவது நின்றுபோனது. தன் ஷெட்டில் ஏதோ சீக்கு ஒட்டிக்கொண்டது, அதனால்தான் கம்பெனி ஒதுக்கிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். காலி ஷெட்டுக்குத் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு அடித்தார். நேரில் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம். பெரியகருப்பன்தான், "நீங்க இருங்க மாமா, நா விசாரிச்சுட்டு வாரேன்" என்று போவார். திரும்பி வந்து, "அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாங்க" என்பார்.

அடுத்ததாக மரியராஜ் எழுந்தார். கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சேதி கேள்விப்பட்டுத் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஐயா பண்ணை மாதிரி சுத்தமான பண்ணைய நா எங்கயும் பாத்ததில்ல. இனி முடியலைன்னு அவரு சொல்லியனுப்பினப்ப ஆபீஸ்ல எல்லாருக்கும் வருத்தம். நேர்ல வந்து பாத்திருக்கணும். அந்த நேரம் பாத்து எனக்குத் தர்மபுரிக்கு மாத்தலாயிருச்சு."

சிவனம்மாள் நிமிர்ந்தாள்.

"அவரு சொல்லியனுப்பினாரா? யாருகிட்டச் சொன்னாரு?"

மரியராஜுக்கு விளங்கவில்லை. "வயசாச்சு, கண்ணு தெரியல, இனி எனக்குக் குஞ்சு வேண்டாம், அதையும் மச்சினன் ஷெட்டுக்கே இறக்கிருங்கன்னு சொன்னாராம்மா. இந்தா, இவருதான் வந்து சொன்னாரு."

பந்தலில் இருந்தவர்கள் பெரியகருப்பனைப் பார்த்தார்கள்.

"அக்கா, அத அப்புறம் பேசுவோம்."

"இப்பவே சொல்லு. அவரு உங்கிட்ட அப்புடிச் சொன்னாரா?"

"சொல்லல. ஆனா அவருக்கு முடியலைல்ல? யாராச்சும் ஒருத்தர் எடுத்துச் சொல்லித்தான ஆகணும். நானும் அப்பத்தான் புது ஷெட்டுப் போட்டிருந்தேன். குஞ்சு பத்தல."

"அவருகிட்டயே கேட்டிருந்தா குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பாரு?"

 கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்பது அக்காள் தம்பி இரண்டு பேருக்கும் தெரியும். சிவனம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"வண்டி வருதா வருதான்னு ரோட்டப் பாத்துக்கிட்டே கெடந்தாரே. நீயும் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சியேடா."

"காரியம் நடக்குற எடத்துல வேணாம் தாயி" என்றார் ஒரு பெரியவர். அடுத்து சிவனம்மாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போட வேண்டும். பெரியகருப்பனின் மனைவி ஜக்கம்மாள் தட்டில் புதுச்சேலையோடு வந்து நின்றாள். அவளுக்கும் இது தெரியாது போலிருந்தது. புருஷனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போ ஜக்கு. ஒம்மேல எனக்கு வருத்தமில்ல. எம்மக குடுக்குறத நா கட்டிக்கிறேன்."

"அது மொறையில்லையே" என்றார்கள்.

"அவன் செஞ்சது மட்டும் மொறையா?"

அதன்பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. நாகஜோதி உள்ளே போய், தனக்கென்று எடுத்துவைத்திருந்த சேலையைக் கொண்டுவந்து அம்மா தோளில் போட்டாள்.

புறப்படும்போது மரியராஜ் தயங்கித் தயங்கி வந்தார்.

"தெரியாமச் சொல்லிப்புட்டேம்மா."

"நல்லதுதான் செஞ்சீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு ஷெட்டுல சீக்கு கீக்கு எதுவும் இருந்துச்சா?"

"ஒரு குறையும் இல்லம்மா. யாரு சொன்னது?"

சிவனம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் ஒன்றையே சொன்னாள். "அவரா விடல. விட வச்சாங்க." யார் என்று கேட்டவர்களிடம் பெயரையும் சொன்னாள்.

பொங்கலுக்கு முதல் நாள் பெரியகருப்பன் சீர்க்கரும்போடு வந்து வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டார். சிவனம்மாள் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமா நிக்கிறாரும்மா. என்ன சொல்ல?" என்று கேட்டாள் நாகஜோதி.

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

பெரியகருப்பன் கொஞ்ச நேரம் நின்றுபார்த்தார். கரும்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம் அந்த வழியாகப் போன ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கரும்பை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் சிவனம்மாள்.