ஆறுக்கும் ஏழுக்கும் நடுச்சுவர்

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூணுகல் தோட்டத்தில், தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் நாலாம் லயத்தில், ஆறாம் காம்பராவுக்கும் ஏழாம் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவரில் தலைமுடி முளைத்தது. கறுப்பு முடி, மெல்லியது, நுனியில் லேசான சுருள். கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்து, கோயில் வளைவில் இறங்கி, ரப்பர் மலைக்குள் நடந்தால் வரும் தோட்டம் அது. அந்த வருடம் அங்கே நடந்த மற்ற விசேஷங்கள் இரண்டு: ஸ்டோருக்குப் புதுக்கூரை போட்டார்கள், பெரிய கங்காணி வீட்டு மாடு கிணற்றில் விழுந்தது. லயத்தில் மாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சுவரில் முடி இருப்பது அங்கே புதுச் செய்தியும் இல்லை. லயத்துப் பெண்கள் தலை வாரினால் சீப்பில் வரும் முடியை வெளியே எறிவதில்லை. விரலில் சுற்றி, உருட்டி, தூ தூ தூ என்று மூன்று தரம் துப்பி, சுவர் வெடிப்பில் செருகுவார்கள். வெளியே போட்டால் காக்கை கூடு கட்டக் கொண்டுபோகும், முடிக்காரிக்குத் தலைவலி வரும். காக்கை விட்டுவைத்தால் ஆகாதவர்கள் எடுத்துப்போய்ச் செய்வினை வைப்பார்கள். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிட்ட காரியம். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அந்த நடுச்சுவரில் ஒரே ஒரு வெடிப்பு மட்டும் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரைக்கும் ஓடியிருந்தது. ஆறாம் காம்பராக்காரிகள் இங்கிருந்தும், ஏழாம் காம்பராக்காரிகள் அங்கிருந்தும், அம்மாக்கள் காலத்திலிருந்து ஒரே பொந்தை நிரப்பிக்கொண்டிருந்தது முளைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வீடும் அதைத் தன் வீட்டுப் பொந்து என்றே நினைத்திருந்தது. குழப்பம் முழுவதும் அந்தத் தப்பிலிருந்து வந்ததுதான்.

ஆறாம் காம்பராவில் சுப்பம்மாவும் அவள் புருசன் தங்கையாவும் இருந்தார்கள். சுப்பம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள், ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது மரம். ஒரே மகள் ஷாமிளா. 1997 ஆவணியில், பத்தொன்பது வயதை இருபத்திரண்டு என்று பாஸ்போர்ட்டில் ஏற்றி, அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆறு மாதத்தில் நாலு கடிதம் வந்தது. நாலாவது கடிதத்தில், இங்கே தேங்காய் எண்ணெய் இல்லை, தலை காய்ந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. தங்கையா மாதம் ஒரு தரம் கஹவத்தைக்குப் போய் ஜமால்தீன் முதலாளியின் கடையிலிருந்து போன் எடுப்பான். மறுமுனையில் யாரோ அரபியில் கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். என்ன சொன்னார்கள் என்று ஜமால்தீனிடம் கேட்டால், "ஓத வரும் தங்கையா, அர்த்தம் வராது" என்று அவர் தலையைக் குனிந்துகொள்வார். கடைசிக் கடிதம் வந்த நாலாவது வாரம் சுவரில் முடி முளைத்தது.

ஏழாம் காம்பராவில் கிருஷ்ணகுமாரி இருந்தாள், அண்ணன் யோகராஜோடு. அப்பா அம்மா இல்லை. 1996இல் நெருப்புக் காய்ச்சல் வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்துவிட்டு வந்தாள். வந்ததும் இடுப்பு வரைக்கும் இருந்த முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. ஒன்று விடாமல் உருட்டித் துப்பிப் பொந்தில் வைத்தாள். அதன் பிறகு அவள் தலையில் விரலளவுக்கு மேல் முடி வளரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடித்தார்கள், முக்காட்டைப் பார்த்தார்கள், பெல்மதுளையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெல்மதுளையில் இத்தனை பேருக்கு என்ன அவசர வேலையோ, எனக்குத் தெரியாது.

ஆகவே முடி யாருடையது என்ற கேள்வி வந்தது. பொந்துக்குள் வேர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்க வழியில்லை. சுப்பம்மா இழுத்தால் முழு முடியும் ஆறாம் காம்பராவுக்கு வரும், கிருஷ்ணகுமாரி இழுத்தால் ஏழாம் காம்பராவுக்குப் போகும்.

"அது எம்புள்ள முடி. தொடாத குமாரி" என்றாள் சுப்பம்மா.

"எப்படி அத்தே சொல்றீங்க? எனக்குக் கொட்டுனது அம்புட்டும் அதுக்குள்ளதான் கெடக்கு. என் தலையில மொளைக்க வேண்டியது செவுத்துல மொளைக்குது."

"ஷாமிளாவுக்கு நுனி சுருண்டுதான் இருக்கும்."

"எனக்கும் சுருள்தானத்தே. நீங்கதான வாரி விட்டீங்க, மறந்து போச்சா?"

சுப்பம்மாவுக்கு மறக்கவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. இரண்டு பெண்ணுக்கும் ஒரே சீப்பால் வாரியவள் அவள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் வந்து பார்த்து, பூஞ்சைக்குப் பூசும் ஊதா மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கிளாக்கர் ஐயா சுவரைப் பார்த்துவிட்டு ரிப்பேர் புத்தகத்தில் "நாலாம் லயம், ஈரம்" என்று எழுதினார். பூசாரி மட்டும் நேர்மையாக, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார். தங்கையா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தான். செத்தவளுக்கு முடி வளராது என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுப்பம்மா ஏழு வருடம் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் முறை. தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் செம்பருத்திப் பூவும் போட்டு, வெந்தயத்தைக் கடைசியாகச் சேர்த்து, சடசடப்பு அடங்கினதும் இறக்குவாள். இளஞ்சூட்டில் சுவருக்கு எண்ணெய் வைத்து, விரலால் சிக்கெடுத்து, அரப்பு போட்டு அலசி, சாம்பிராணிப் புகை காட்டுவாள். செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகுமாரியின் முறை. அவள் வீட்டு எண்ணெய் அடுப்பைக் காணாது. கரிசலாங்கண்ணிச் சாற்றை எண்ணெயோடு போத்தலில் ஊற்றித் தகரத்தின் மேல் வெயிலில் வைத்து எடுப்பது. சுட்ட எண்ணெய் முடியைக் கருக்கும் என்பது அவள் அம்மாவின் கட்சி. சுடாத எண்ணெய் சளி பிடிக்கும் என்பது சுப்பம்மாவின் அம்மாவின் கட்சி. இரண்டு அம்மாக்களும் செத்து ஒரு மாமாங்கம் ஆகியும் சண்டை மட்டும் மிச்சமிருந்தது. 1999இலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முறை மட்டும் தவறவில்லை.

முடி சில வேளை தானாக நனைந்திருக்கும். மழை இல்லாத நாளிலும் நுனியில் தண்ணீர் சொட்டும், கஹவத்தையில் எந்தக் கடையிலும் விற்காத ஒரு ஷாம்பூ மணக்கும். அன்றைக்கு சுப்பம்மா மலைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போவாள். பிள்ளை குளித்திருக்கிறாள். அடுத்த நாளே, அது கூரை ஒழுக்காக இருக்குமோ என்று குழம்பி, வெட்டின மரத்தையே மறுபடி வெட்டிவிட்டு வந்து நிற்பாள். கணக்கப்பிள்ளை திட்டுவார். 2003 மே மாதத்து வெள்ளத்தில் லயத்தின் எட்டுச் சுவர்கள் கரைந்து விழுந்தன. ஆறுக்கும் ஏழுக்கும் நடுச்சுவர் விழவில்லை, உள்ளே முடி பின்னிப்பிடித்திருந்தது. கிளாக்கர் ஐயா அப்போதும் ஈரம் என்றுதான் எழுதினார், அந்த முறை அது உண்மையும்கூட.

கிருஷ்ணகுமாரி கேட்டது ஒன்றுதான். அந்த முடியை அறுத்துத் தந்தால் ஒரு சவுரி கட்டிக்கொள்வாள். வருடத்துக்கு ஒரு தரம், தைப்பொங்கலுக்கு, கேட்பாள். பேச்சு நின்ற பிறகு யோகராஜை விட்டுக் கேட்பாள். சுப்பம்மா மாட்டேன் என்பாள். பெண்ணுக்கு முடி இறக்குவது நேர்த்திக்கு, இல்லாவிட்டால் தாலி அறுந்ததற்கு. கண்ணில் காணாத பிள்ளையின் முடியை அறுப்பது அவளுக்குக் கருமாதி பண்ணுவது மாதிரி. கிருஷ்ணகுமாரி நினைத்திருந்தால் மத்தியானத்தில், சுப்பம்மா மலையில் நிற்கும்போது, தன் பக்கத்துக்கு இழுத்துத் தானே அறுத்திருக்கலாம். ஏழு வருடமும் அவள் அப்படிச் செய்யவில்லை. இதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005 தையில் ருவான்வெல்லைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை காத்தமுத்து, ரப்பர் ஸ்டோரில் வேலை, நல்லவன். மாப்பிள்ளை வீட்டார் முக்காட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று சடை பின்னிப் பூ வைத்துக் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள் என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிருஷ்ணகுமாரிக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல் போத்தலை எடுத்துக்கொண்டு சுவருக்கு எண்ணெய் வைத்தாள், சிக்கெடுத்தாள், அலசினாள். முடி அப்போது தரையில் இரண்டு சுற்றுக் கிடந்தது. இந்த முறை அவள் கேட்கவில்லை. யோகராஜையும் அனுப்பவில்லை.

மற்றப் பக்கத்தில் சுப்பம்மா அவள் கேட்பதற்காகக் காத்திருந்தாள், மாட்டேன் என்ற பதிலோடு. கேள்வி வராததால் அந்தப் பதில் செலவாகாமல் கிடந்தது, இரண்டு நாள் அவள் மலைக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று காலையில் அவள் கத்திரிக்கோலோடு வந்து, சுவரில் ஒரு சாண் விட்டு, மிச்சம் முழுவதையும் தன் கையாலேயே அறுத்தாள். அறுக்கும்போது சத்தம் போட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாம் காம்பராவுக்குள் போய்க் கிருஷ்ணகுமாரியை மணையில் உட்காரவைத்துச் சடை பின்னினாள்.

"அத்தே, ஷாமிளாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"வாய மூடு. தலைய ஆட்டாம இரு."

சவுரி கட்ட நூல் தேவைப்படவில்லை. தலையில் வைத்ததும் பிடித்துக்கொண்டது, திருவிழாச் சாமிக்குக்கூட அப்படி ஒரு சடை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். பருப்பில் உப்புக் கூடுதல் என்று மட்டும் ஒரு குறை இருந்தது.

அன்றிலிருந்து சுப்பம்மா படுத்துவிட்டாள். சுவரில் மிஞ்சிய ஒரு சாண் வளரவில்லை. நனையவும் இல்லை. இரண்டு மாதம் அவள் சுவரைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியே கிடந்தாள், மகளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நம்பினாள். தங்கையா பீடி பற்றவைத்தான், பிறகு அடுப்பைப் பற்றவைத்து அவளுக்குக் கஞ்சி வைத்தான். சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், பத்தரை மணி பஸ்ஸில் கோயில் வளைவில் ஷாமிளா இறங்கினாள். கையில் ஒரு சூட்கேஸ், தலையில் ஒரு சாண் முடி.

நடந்ததை அவள் ரப்பர் விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். போன ஏழாவது மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவள் தலையில் தானாக எண்ணெய் ஊறியது. வெந்தயம் மணந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிக்கு பிரிந்து, முடி அலசப்பட்டு, சாம்பிராணிப் புகை எழுந்தது. வேலை செய்த வீட்டு மேடம் முதலில் பயந்தாள், பிறகு பிரியப்பட்டாள். வெள்ளிக்கிழமை அந்த நாட்டில் லீவு. வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஷாமிளாவை முக்காலியில் உட்காரவைத்து, எண்ணெய் தானாக ஊறுவதை விருந்தாளிகளுக்குக் காட்டுவாள். இப்படி ஒரு பெண்ணை யார் திருப்பி அனுப்புவார்கள்? பாஸ்போர்ட் அலுமாரியில் பூட்டப்பட்டது, கடிதம் நின்றது. தை மாதம் ஒரு காலையில், மேடத்தின் கண் முன்னாலேயே, சடை கத்திரித்த மாதிரி அறுந்து காற்றில் காணாமல் போனது. மேடம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். பிசாசு பிடித்தவள் வேண்டாம் என்று அன்றைக்கே டிக்கட்டுக்குச் சொல்லிவிட்டாள். கடுதாசி வேலைகளுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

சுப்பம்மா எழுந்து உட்கார்ந்தாள். கேட்டதை மனதுக்குள் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

"அப்ப நான் எண்ண வச்சு வச்சுத்தான் ஒன்னய அங்க கட்டிப் போட்டிருக்கேன். குமாரி கேட்ட அன்னைக்கே அறுத்திருந்தா அப்பவே வந்திருப்பியே புள்ள?"

"வந்திருப்பேன்மா" என்றாள் ஷாமிளா. பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் தன் கட்டை முடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா அது நாலாவது மாடிம்மா. ஜன்னலுக்குக் கம்பி கெடையாது. எத்தனையோ நாளு அது மேல ஏறி நின்னிருக்கேன். நாளைக்கு வெள்ளிக்கெழமதானே, அம்மா கை வருமேன்னு எறங்கிருவேன்."

பிறகு, "செவ்வாக்கெழம ஒரு எண்ண வரும். வெயில் மணக்கும். அது யாருன்னுதான் எனக்கு வெளங்கவே இல்ல" என்றாள்.

சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் வந்த சந்தோஷத்தில் அழுதாளா, ஏழு வருடத்தை நினைத்து அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் இரண்டு பஸ் மாறி ருவான்வெல்லைக்குப் போனார்கள். கிருஷ்ணகுமாரி வாசலில் நின்று முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஷாமிளா அவள் முடியை முகர்ந்து பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். முடி யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஷாமிளாவின் தலையில் முடி வழக்கம்போல் வளர்ந்தது. கிருஷ்ணகுமாரிக்கு அந்தச் சடை தங்கிவிட்டது. ஆனால் சுவரில் இருந்த ஒரு சாணும் அந்த வருட ஆடியில் மறுபடி வளரத் தொடங்கியது. யாருக்காக வளர்கிறது என்று சொல்ல முடியாது. 2009இல் நாலாம் லயத்திலிருந்து மட்டும் பதினொரு பெண்கள் அரபு நாடுகளில் இருந்தார்கள், ஒவ்வொருத்தியும் போகிற அன்று தலை வாரி, உருட்டி, துப்பி, அந்தப் பொந்தில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். யாருடையது என்று தெரியாததால் லயத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை சுட்ட எண்ணெயும் செவ்வாய்க்கிழமை வெயில் எண்ணெயும் சுவருக்கு வைக்கிறார்கள். தை மாதத்தில் ஒரு நாள் காலையில், ஒரு சாண் விட்டு அறுத்தும் விடுகிறார்கள். அறுத்த இரண்டு மாதத்துக்கு, பத்தரை மணி பஸ் வரும் நேரத்தில் யாராவது ஒருத்தி கோயில் வளைவில் போய் நிற்பாள்.