ஒன்பதாம் தளம்

எதிர்ச்சாரியில் பள்ளம் தோண்டிய இடத்தில் பலகை நட்ட அன்றே அவள் போய்ப் படித்தாள். நாற்பத்திரண்டு மாடி, அடுத்த வருடம் டிசம்பரில் முடியும் என்று போட்டிருந்தார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்தக் கணக்குப்படி வருகிற ஜூனில் ஒன்பதாம் தளம் எழும்பிவிடும். அது எழும்பிவிட்டால் இவர்களுடைய நாலாம் மாடி ஜன்னலுக்குக் காலை வெயில் கிடையாது.

கணவருக்கு மிச்சமிருந்தது அந்த வெயில்தான். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஜன்னல். எட்டு மணிக்கு அவர் காலில் விழும் வெயில் ஒன்பதரைக்கு நெஞ்சுக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் மட்டும் வலி சற்று அடங்கும். பேசுவார், அவளை வம்புக்கு இழுப்பார்.

"பின் ரூமுக்குக் கட்டிலை மாத்திடலாங்க. ஜூனுக்குள்ள பழகிடும்."

"பலகையைப் பாத்து யாராச்சும் கட்டிலை நகர்த்துவாங்களா?" என்று சிரித்தார்.

முப்பது வருடம் கட்டட வேலைகளுக்கு அட்டவணை போட்டவர் அவர். "நான் போட்ட அட்டவணையில ஒரு நாளும் மழை பெய்ஞ்சதில்ல, ஒருத்தருக்கும் காய்ச்சல் வந்ததில்ல. தெரியுமா?"

"அப்ப அவ்வளவும் பொய்யா?"

"பொய்யில்ல, ஆசை. முடிவு தேதியை மேலிடத்துல மொதல்லயே சொல்லிடுவாங்க. அங்கேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வர்றதுதான் நம்ம பொழப்பு."

படுத்தபடி அவரால் வெளியே பார்க்க முடியாது. தினமும் அவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கலவை லாரி எத்தனை?"

"மூணுங்க."

"கிரேன்?"

"ஒண்ணுதான். அதுவும் சும்மா நிக்குது."

"அப்ப ஒன்பதாம் தளம் ஜனவரிக்கு முன்னாடி வராது."

"ஆமா, உங்க கணக்கை நம்பித்தான் ஊரே குடிபோச்சு!"

"அட்டவணையில ஓட்டை எங்கன்னு போட்டவனுக்குத்தானே தெரியும்."

கட்டிலை அவள் நகர்த்தவில்லை. ஆனால் ஜூன் பிறக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜூனில் எதிரே மூன்றாம் தளம்தான் நின்றது. பிறகு கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. கம்பி லாரி வந்து சேரவில்லை. கிரேன் பழுதாகிப் பதினெட்டு நாள் தலை குனிந்து நின்றது. தூசிக்கும் இரைச்சலுக்கும் அக்கம்பக்கத்தார் சாபம் விட்டார்கள். எப்போதுதான் முடிக்கப்போகிறார்களோ என்று அவளும் வாயளவில் சேர்ந்துகொண்டு, வீட்டுக்குள் வந்து மனதுக்குள் கும்பிட்டாள்.

டிசம்பரில் ஒரு காலை. வெயில் அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது.

"இன்னிக்கு எத்தனை லாரி?"

"ஒண்ணுகூட வரலீங்க."

"பாத்தியா," என்றார். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

அவர் போன அடுத்த மாதம், ஜனவரி மூன்றாம் வாரம், ஒன்பதாம் தளம் எழும்பியது. காலை எட்டு மணிக்கு வீட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. விளக்கைப் போட்டவள் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

பலகையில் பழைய தேதியின்மேல் புதுத் தேதியை ஒட்டிக்கொண்டிருந்தார் சைட் இன்ஜினியர். அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "தூசிதானேம்மா? திரை கட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்கு வரல தம்பி. லேட் ஆக்கினதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கிண்டல் பண்றீங்களாம்மா?"

அவள் தன் ஜன்னலைக் காட்டினாள். கட்டிலையும் வெயிலையும் கணவர் போட்ட கணக்கையும் சொன்னாள். இன்ஜினியர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா எந்த மாசம்னு சொன்னாரு?"

"ஜனவரி."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க உள்கணக்கும் ஜனவரிதாம்மா. வெளிய சொல்லிடாதீங்க."

பல நாட்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகையில் ஒட்டிய புதுத் தேதியைப் படித்தாள். லாரிகளை எண்ணினாள், இரண்டு. மனதுக்குள் அந்தத் தேதியோடு ஒன்றரை வருடம் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லப் போகிறவள்போல வேகமாகத் தெருவைக் கடந்தாள்.