பொட்டு வைத்த டிஸ்க்

அசரியாவின் மனைவி ஞானம்மாளுக்கு உலகத்தில் ஆறே பேர் மீதுதான் பொறாமை. அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்ப்பதற்குக் கண்ணும் இல்லை. ஆனாலும் ஊரப்பாக்கத்து வாடகை வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் முழங்கால் போட்டு, எல்லம்மா, சேட்டு, செல்லியம்மாள், லாசரஸ், கங்கையம்மாள், துரை என்று ஆறு பேரையும் பெயர் சொல்லி ஜெபம் செய்வாள். அவர்களுக்குச் சீக்கிரம் பார்வை வரவேண்டும் என்று. அவர்களுக்கு வந்தால்தானே தன் முறை வரும்? ஜெபத்தில் சுயநலம் கலந்திருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொண்ணூறாம் வருஷம் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கருவிழியும் புண்ணாகி வெள்ளை பூத்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. செத்துப்போனவர்கள் தானமாகக் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும் என்று முடிச்சூர் சாலையில் இருந்த தர்ம கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் கேட்பவர்கள் ஏராளம், கிடைப்பதோ மாதத்துக்கு நாலைந்து கண். பெயர் பதிந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பெரிய மனுஷன் சிபாரிசோடு வந்தாலும் வரிசை மாறாது. அந்த ஒரு விஷயத்தில் ஆஸ்பத்திரி நெருப்பு. பதிந்தவர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். பெயர், பதிந்த தேதி, கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: "முறை வந்ததும் தபால் கார்டு அனுப்புவோம். அதுவரை நேரில் வரவேண்டாம்."

பெயர்கள் இருந்தது கம்ப்யூட்டரில். கிண்டியில் ஏதோ ஒரு கம்பெனி எட்டு வருஷம் ஓட்டிக் களைத்துப்போய்த் தானமாகத் தள்ளிவிட்ட பீரோ அளவு இயந்திரம் அது. அதற்கு மாதம் ஒரு முறை சர்வீஸ் செய்ய வருகிற இன்ஜினியர் நம் அசரியாதான். வரும்போதெல்லாம் லிஸ்டைத் திரையில் வரவழைத்து மனைவி பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வான். தப்பென்றால் தப்புதான். ஆனால் பார்ப்பதோடு சரி, லிஸ்டில் கை வைத்ததில்லை. எழுபதில் ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு, முப்பத்தொன்று, பதினாறு என்று இறங்கி, தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் ஏழில் வந்து நின்றாள். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர்களின் முதுகு மனப்பாடம் ஆகிவிடுகிற மாதிரி, முன்னால் இருந்த ஆறு பெயரும் அவனுக்கு மனப்பாடம் ஆனது இப்படித்தான்.

ஏழில் வந்த இடத்தில் எல்லாம் நின்றுபோனது. டிஸ்க் நிரம்பிவிட்டது. கண்ணாடிக்கு வருகிறவன், கண் சிவந்து வருகிறவன் என்று வெளிநோயாளிகள் அத்தனை பேரையும் அதிலேயே ஏற்றி ஏற்றி, கடைசியில் லிஸ்டை வரிசைப்படுத்தித் தபால் கார்டு அடிக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. எதைத் தட்டினாலும் 'இடம் போதவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே பதில். இரண்டு மாதம் யாரையும் கூப்பிடவில்லை. வந்த கண்களை டவுனில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அசரியாவுக்குத் தாங்கவில்லை. ரிச்சி தெருவில் நாலு சனிக்கிழமை அலைந்து, அதே கம்பெனி டிஸ்க், அதே கூடு, உள்ளே மட்டும் நாலு மடங்கு இடம் உள்ளது ஒன்றைச் செகண்ட்ஹாண்டில் பிடித்தான். நிர்வாகி தசரதன், விலையைக் கேட்டதும் சரியென்று தலையசைத்துவிட்டார்.

நகல் என்று ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. டேப்பில். அந்த டேப் டிரைவ் ஒன்றரை வருஷமாகக் கெட்டுக் கிடந்தது. ஒவ்வொரு சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் அசரியா எழுதுவான், ஒவ்வொன்றிலும் தசரதன் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிற ஜாதி அவர். கடைசி டேப்பில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் முறை வந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதிந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் இருந்தது அந்த ஒரே டிஸ்கில். எழுதிக் கொடுத்த படிவங்களும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு காகிதம் எதற்கு என்று மாதக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலையை வைத்துக்கொண்டான். முந்தைய நாளே புது டிஸ்கை ஃபார்மட் செய்து, சோதித்து, காலியாக வைத்திருந்தான். மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் நிறுத்துவார்கள் என்று அறிவிப்பு. அதற்குள் முடிக்க வேண்டும். பத்து மணிக்குப் பழைய டிஸ்கைக் கழற்றி மேஜையில் புதிதின் பக்கத்தில் வைத்தான். இரண்டும் செங்கல் கனம், செங்கல் அளவு, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பழையதின் தலையில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அசரியா மூடியைக் கழற்றித் தூசு தட்டும்போது, கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிற சிட்டிபாபு, "மூளை சார் இது, இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்று சொல்லி வைப்பான். அசரியா வேதக்காரன்தான், ஆனாலும் பொரிகடலை தின்றுவிட்டுப் பேசாமல் இருப்பான். எது பழையது என்பதற்கு அன்றைக்கு அந்தப் பொட்டையே லேபிளாக வைத்துக்கொண்டான்.

வேலை ஆரம்பிக்கிறோம் என்று தசரதனிடம் கையெழுத்து வாங்கப் போனான். அவர் போனில் இருந்தார். இருபது நிமிஷம் போயிற்று. திரும்பி வந்தபோது மேஜையில் சுத்தமாகப் பேப்பர் விரித்து, இரண்டு டிஸ்கும் அழகாக வைக்கப்பட்டிருந்தன. பொட்டு வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. பொட்டு ஈரமாக இருந்தது. சிட்டிபாபு புதுப்பித்திருக்கிறான் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை. அதற்கு மேல் நினைக்காததற்காகத்தான் அவன் இன்றுவரை செத்துக்கொண்டிருக்கிறான்.

எது கொடுக்கிற டிஸ்க், எது வாங்குகிற டிஸ்க் என்பதை அடியில் உள்ள ஒரு சின்னப் பின்னை மாற்றிச் செருகி இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். பொட்டு வைத்ததைக் கொடுப்பதாகச் செருகினான். மற்றதை வாங்குவதாகச் செருகினான். காலி இடத்தைக்கூட விடாமல் அப்படியே படியெடுக்கிற நகல் புரோகிராமைப் பிளாப்பியிலிருந்து ஓட்டினான். நிச்சயமா என்று கேட்டது, நிச்சயம் என்று தட்டினான். முக்கால் மணி நேரம் டிஸ்க் உறுமிக்கொண்டிருந்தது. முடிந்ததும் முதல் வேலையாக லிஸ்டைப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை தபால் கார்டுகள் போகும், ஞானம் ஆறுக்கோ ஐந்துக்கோ இறங்குவாள் என்று கணக்குப் போட்டபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

உறுமல் நின்றது. திரையில் ஒரு வரி வந்தது. இடம் போதவில்லை.

அசரியா முதலில் சிரித்தான். நாலு மடங்கு பெரிய டிஸ்கில் இடம் எப்படிப் போதாமல் போகும்? சின்னதில் இருப்பதைப் பெரியதில் கொட்டினால் மூன்று பங்கு காலியாக அல்லவா இருக்க வேண்டும்? பெரியதை எடுத்துச் சின்னதில் கொட்டினால்தான் இடம் போதாது. இந்த இடத்தில் அவன் சிரிப்பு நின்றது. பொட்டு வைத்த டிஸ்கைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். புதுசு.

"சிட்டிபாபு, இந்தப் பொட்டு நீங்களா வெச்சீங்க?"

"ஆமா சார். புச்சு டிஸ்க்கு, பொட்டு இல்லாம உள்ள போவலாமா? வெள்ளிக்கெயம வேற."

"பழசுல இருந்தது?"

"ஸ்பிரிட்டு போட்டு நல்லா தொடச்சிட்டேன் சார். நாளிக்கு காயலான் கடைக்குப் போற சாமான். அம்மன் குங்குமத்தோட அனுப்புனா பாவம் இல்லியா?" என்ற சிட்டிபாபு, கிட்டே வந்து பார்த்தான். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது? டீ சொல்லட்டா?"

அசரியா டிஸ்கை மேஜையில் வைத்தான். அந்த ஆள் மேல் என்ன தப்பு? அவன் செய்தது மரியாதை. காலி டிஸ்கின் காலியை எடுத்து இருநூறு பேரின் மேல் ஊற்றியது அசரியாவின் கை. மேலே எழுதி அழித்ததைத் திரும்ப எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மணி வரை என்னென்னவோ தட்டிப் பார்த்தான். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது. அந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு நடந்தது அது ஒன்றுதான்.

தசரதன் கேட்டுவிட்டு, ஓடாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். அப்புறம் அசரியாவைப் பார்த்தார். "உங்க ஒய்ஃப் பேரும் அந்த லிஸ்ட்ல இருந்ததுல்ல?" என்றார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இருந்தது சார். பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுத்துடலாம் சார். மஞ்சள் அட்டை வெச்சிருக்கிறவங்க எல்லாரும் வந்து திரும்பப் பதிஞ்சுக்கட்டும்."

"விளம்பரமா? லிஸ்டைத் தொலைச்ச ஆஸ்பத்திரின்னு ஊருக்கே சொல்லிட்டு, நாளைக்கு எவன் வீட்ல போய்க் கண்ணைக் கேக்கறது? அதெல்லாம் வேண்டாம். அட்டை இருக்கிறவங்க தானா வருவாங்க."

"வரவேண்டாம்னு அட்டையிலேயே போட்டிருக்கு சார்."

கூட்டத்தைக் குறைக்க அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் தசரதன்தான். அவர் ரெஜிஸ்டரைத் திறந்தார். இந்த மாதிரி ஆட்கள் நரகத்துக்குப் போனாலும் அங்கேயும் ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்துகொள்வார்கள்.

பதிவு கிளார்க் சாவித்ரி நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டாள். நல்ல பெண். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். "உங்க வீட்டம்மா அட்டை உங்க பர்ஸ்லதானே இருக்கும்? குடுங்க சார். நேத்து சாயங்காலம் ஒரு கண் வந்திருக்கு. இந்த முறை வெளியில அனுப்ப வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில அட்மிட் பண்ணிடுங்க."

"அவளுக்கு முன்னால ஆறு பேர் இருக்காங்க மேடம். பேர் சொல்றேன், எழுதிக்குங்க. எல்லம்மா, சேட்டு..."

சாவித்ரி எழுதினாள். ஆறும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "எந்த ஊர் சார்?"

முகவரி இருந்தது இன்னொரு திரையில். மனைவி பெயர் நிற்கிற திரையை மட்டும் பார்க்கிறவனுக்கு முகவரி எதற்கு? "தெரியலையே" என்றான்.

"எந்த துரைக்குன்னு சார் கார்டு போடறது?" என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஆறு பெயரையும் ஸ்கேல் வைத்து அடித்தாள்.

நாளைக்கு வைக்கிற கண் எல்லம்மாவுக்குச் சேர வேண்டியது. பெயருக்குப் பக்கத்தில் வயது ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்த எல்லம்மா, ஏதோ ஒரு ஊரில், தபால்காரன் மணிச் சத்தம் கேட்கிற பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அட்டையில் சொன்னபடி வராமல் இருப்பாள். இருநூறு பேரும் சொன்னபடி வராமல் இருப்பார்கள். அட்டையை எடுக்காமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போன வாரம் சோறு வடிக்கும்போது ஞானம்மாள் கையில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டது நினைவு வந்தது. கை தானாகப் பர்ஸை எடுத்தது. தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அட்டையைக் கொடுத்தான்.

தாம்பரத்தில் ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. ஞானம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் தலை நிமிர்த்தினாள்.

"எத்தினியாவதுங்க?"

"ஒண்ணு."

விரல்கள் அரிசியிலேயே நின்றன. "வெளையாடாதீங்க."

"நெசமாத்தான். நாளைக்கே அட்மிட் பண்ணணும்."

"ரெண்டு மாசமா ஏழுலயே நின்னுகினு இருந்துச்சே. அப்போ அந்த ஆறு பேருக்கும் வந்துடிச்சா?"

அசரியா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "வந்துடிச்சு" என்றான்.

அவள் முறத்தை நகர்த்திவைத்துவிட்டு அங்கேயே முழங்கால் போட்டாள். அவன் கையைத் தேடிப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ஆண்டவரே, எல்லம்மாவுக்குப் பார்வை தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள். ஆமென் சொல்லக் காத்திருந்தாள். அவன் ஆமென் என்றான். "சேட்டுவுக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்." ஆமென். செல்லியம்மாளுக்கு, லாசரஸுக்கு, கங்கையம்மாளுக்கு, துரைக்கு என்று ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னாள். வெள்ளை பூத்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆறு முறையும் அவன் ஆமென் சொன்னான்.

எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவள் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆமா, இனிமே யாருக்கு ஜெபம் பண்றது? நமக்குப் பின்னாடி நிக்கறவங்க பேருங்க சொல்லுங்க. நமக்குக் கெடைச்ச மாரி அவங்களுக்கும் கெடைக்கட்டும்."

அசரியா வாயைத் திறந்தான். பெயர் எதுவும் வரவில்லை. பதினைந்து மாதம் அந்த லிஸ்டைப் பார்த்திருக்கிறான். மனைவியின் பெயருக்குக் கீழே அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.