வால் துளையிலிருந்து எண்ணியது

கதவின் இடப்பக்கத்துக்கான பறவையைப் பித்தளைத் தகட்டில் வெட்டிவிட்டு, படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினோம் என்று எங்கும் குறித்து வைக்காமல் அவள் கணவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். கைபேசியில் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வலப்பக்கத்துப் பறவை சாயங்காலத்துக்குள் வேண்டும். கையில் இருப்பதோ ஒரே தகடு. மடங்கு பிசகினால் பறவைகள் ஜோடி சேராது; கதவுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது.

வெட்டும் மேசையில் கட்டம் போட்டிருந்தது. வெட்டிய பறவையும் அதன்மேல் மூலப்படத் தாளும் ஒரே ஆணியில் செருகிக் கிடந்தன. அந்தப் பட்டறையில் எதையும் மேசை மூலையிலிருந்து எண்ணித்தான் பழக்கம். அப்படியே எண்ணினாள். தாளில் பறவையின் அலகு நுனி குறுக்கே நான்கு கட்டம், மேலே மூன்று. பித்தளையில் ஏழு, ஆறு. ஏழை நான்கால் வகுத்தால் ஒன்றேமுக்கால். ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. வெட்டும் இயந்திரம் கேட்பதோ ஒரே எண்.

போல்ட் முடுக்குகிற கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

“ரெண்டுன்னே போடுங்க அண்ணி. ஒரு பறவை கொஞ்சம் குண்டுன்னு சொல்லிக்கலாம்.”

“அகலத்துல ஒரு மாதிரி, உயரத்துல ஒரு மாதிரியா பெருசாகும்? எண்ணுறதுலதான் எங்கயோ தப்பு, தம்பி.”

எண்ணுவது உங்கள் இலாகா என்று முனகிக்கொண்டு அவன் ஒதுங்கினான்.

அவள் தாளுக்கும் தகட்டுக்கும் மாறி மாறி விரல் வைத்தாள். அலகு இடம் மாறியிருந்தது, கண்ணும் இறக்கையும்கூட. ஆணி செருகிய வால் துளை மட்டும் இரண்டிலும் அதே இடத்தில், குறுக்கே இரண்டு, மேலே ஒன்று. அப்படியானால் படம் விரிந்தது அந்தத் துளையிலிருந்து. மேசை மூலைக்கு இதில் வேலையே இல்லை.

துளையிலிருந்து எண்ணினாள். தாளில் அலகு குறுக்கே இரண்டு, மேலே இரண்டு. பித்தளையில் ஐந்து, ஐந்து. எப்படி வகுத்தாலும் இரண்டரை.

உடனே பொத்தானை அழுத்திவிடவில்லை. தாளில் இறக்கை நுனி துளையிலிருந்து குறுக்கே ஒன்று, மேலே நான்கு. பித்தளையில் இரண்டரையும் பத்தும் வர வேண்டும். கொழுந்தனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். அவன் இரண்டு தரம் எண்ணினான்.

“ரெண்டரை. பத்து,” என்றான். “நான் சொன்னதைக் கேட்டிருந்தா குஞ்சுதான் பொரிஞ்சிருக்கும்.”

இரண்டரை என்று கொடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பி வெட்டினாள். கதவில் வைத்துப் பார்த்தபோது இரண்டு அலகும் எதிரெதிரே, ஒரு நூல்கூட ஏறி இறங்காமல் நின்றன. அவள் தகட்டைப் பிடித்துக்கொள்ள, கொழுந்தன் முடுக்கத் தொடங்கினான்.