நேரில் வருவோர் குறைவு

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். அருவிக்கு எந்த பஸ் என்பதை வாயால் கேட்காமல் போனில் தட்டினார். அது டிங் என்று கவுண்டரில் உட்கார்ந்திருந்த இவள் கணினியில் விழுந்தது. இவள் பதிலைத் தட்டினாள். அந்த அம்மா படித்தார், நிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரித்தார், போய்விட்டார். சுற்றுலாத் தகவல் மையத்தில் வெகு வருஷமாக உட்கார்ந்து பேசிப் பேசியே பிழைத்தவளுக்கு, இந்தக் கூத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் மேலாளர் செய்த வேலை. எதற்கெடுத்தாலும் கோடு போட்டுக் காட்டுவதால் அவருக்கு 'கிராஃப்' என்று பட்டப்பெயர். போன வருஷம் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: முதலில் இந்த QR குறியீட்டை ஸ்கேன் செய்து கேள்வியை அனுப்புங்கள், பிறகு கவுண்டருக்கு வாருங்கள். கேள்வி முதலில் எந்த வழியாக வந்ததோ, ஆள் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆக, எதிரே வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் 'இணையம்' ஆகிவிட்டார்கள். நேரில் வருவோரின் கோடு சறுக்குமரத்தில் விட்ட மாதிரி இறங்கிவிட்டது.

இப்போது ஆண்டறிக்கை. பார்வையாளர்கள் எந்தெந்த வழியில் தொடர்புகொள்கிறார்கள் என்று அவள்தான் எழுத வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே எழுதினால் கவுண்டரை மூடிவிட்டு, அவளைத் தலைமையகத்தில் பதில் அனுப்பும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். இங்கே வீடு அடுத்த தெரு. மதியம் ஓடிப்போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, நாலு வாய் ஊட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம். கொழுந்தனும் நாத்தனாரும் போனில் மட்டும் பாசத்தைப் பொழிகிறவர்கள். உன் குழியை நீயே வெட்டிக்கொள் என்று மண்வெட்டியையும் கையில் கொடுத்த கதையாகிவிட்டது.

வயிற்றெரிச்சல் தாங்காமல் மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நேர்ல வர்றவங்க குறையவே இல்ல. வாசல்லயே நாமதான் அவங்கள வேற கணக்குல சேத்துடறோம்."

"மேடம், நம்பர் பொய் சொல்லாது."

"அதுவா சொல்லாது சார். நாம சொல்ல வைக்கிறோம்."

அவர் சிரித்தார். "மக்கள் தாங்களாவே விரும்பி மாறிட்டாங்கன்னு ஒரு வரி போட்டு முடிச்சுடுங்க. மதியத்துக்குள்ள மேல அனுப்பணும்."

செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டு இடத்துக்குத் திரும்பினாள். 'பார்வையாளர்கள் தாங்களாகவே விரும்பி' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நிமிர்ந்தபோது முதுகுப்பையோடு ஓர் ஆள் கண்ணாடிக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தார்.

"சார்ஜ் போயிடுச்சுங்க," என்று இருண்டு கிடந்த போனைத் தூக்கிக் காட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வாயாலயே கேக்கலாமா?"

வாயால் கேட்பதற்கு ஒருவர் அனுமதி கேட்கிறார். அவள் விசைப்பலகையை ஓரமாகத் தள்ளினாள்.

"கேளுங்க," என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது.

அவர் கேட்டார். அவள் எழுந்து தடுப்புக்கு வெளியே வந்து, வாசலைப் பார்த்துக் கையை நீட்டி, வழியை விளக்கினாள். எந்தத் திருப்பத்தில் வெயில் அடிக்கும், எங்கே உட்காரலாம் என்பதுவரை சொன்னாள். அவருக்குப் பின்னால் வரிசையில் போனைப் பார்த்துக் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"மேடம், அனுப்பியாச்சா?" உள்ளேயிருந்து மேலாளர் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள், வரிசையில் அடுத்து நின்ற பெண் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "அக்கா, நானும் ஒண்ணு கேக்கட்டுமா?" என்று முன்னால் வந்தாள்.